மெக்னீசியம் குளோரைடுக்கு 'டை' கிடையாதாம், டிஏபிக்கு மட்டும் எப்படி வந்தது?

உரமூட்டை எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகள் 9ஆம் வகுப்பு, தமிழ் வழி. போன வாரம் வகுப்புத் தேர்வில் ஒரு மெக்னீசியமும் இரண்டு குளோரினும் சேர்ந்த சேர்மத்துக்குப் பெயர் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இவள் 'மெக்னீசியம் டைகுளோரைடு' என்று எழுதிவிட்டாள், சிவப்பு மையில் ஒரு சுழி, ஒரு மதிப்பெண் போச்சு. அதே தாளில் 'கார்பன் டைஆக்சைடு' என்று எழுதியது சரி. இதிலும் இரண்டு அதிலும் இரண்டு, ஒன்றுக்கு மட்டும் ஏன் டை வேண்டாம் என்று எழுந்து கேட்டிருக்கிறாள். 'அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோ' என்று பதில்.

வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டாள். நான் பத்தாவதில் அறிவியல் 52 மார்க். இப்போது மச்சானோடு சேர்ந்து உரக்கடை பார்க்கிறேன். 'உலோகம் வந்தா டை போடக் கூடாதாம்மா, உப்புக்கெல்லாம் போட மாட்டாங்களாம்' என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவள் கடைக்குள் அடுக்கியிருந்த மூட்டையைக் காட்டி, 'அப்போ டை அம்மோனியம் பாஸ்பேட்னு (டிஏபி) போட்டிருக்கே, அது உப்பு இல்லையா?' என்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. ஃபெரஸ் சல்ஃபேட் பாக்கெட்டைப் பிரித்து வைத்தால் பச்சை போய் பழுப்பாகிவிடுகிறது, ஃபெரிக் ஆகிவிட்டது என்று கம்பெனி ஆள் சொல்கிறார். ஃபெரஸ் என்றால் என்ன, ஃபெரிக் என்றால் என்ன, இரண்டும் இரும்புதானே? மனப்பாடம் பண்ணு என்று சொல்லாமல் யாராவது காரணம் சொல்லுங்கள்.


சாக்பீஸ் தூள் எழுதியது:

உங்கள் மகள் கேட்டது சரியான கேள்வி சார். நான் 20 வருஷத்துக்கு மேல் வேதியியல் நடத்துகிறேன், இந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிணைப்பை ஒரு பாடமாகவும் பெயரிடுவதை இன்னொரு பாடமாகவும் நடத்துகிறோம், நடுவில் பரீட்சையோ லீவோ வந்துவிடுகிறது, அப்புறம் இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டு என்று யாருக்கும் தோன்றுவதில்லை. பெயர் வருவதே பிணைப்பிலிருந்துதான்.

முதலில் பிணைப்பு. சோடியத்தின் எலக்ட்ரான்கள் 2, 8, 1 என்று அடுக்கியிருக்கும். குளோரினுக்கு 2, 8, 7. கடைசிக் கூட்டில் எட்டு இருந்தால் அணு அமைதியாகிவிடும் என்பது பள்ளிக் கணக்கு (முழு உண்மை இல்லை, 9ஆம் வகுப்புக்கு இது போதும்). சோடியம் கையிலிருக்கும் அந்த ஒற்றை எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கிரயம் பண்ணிக் கொடுத்துவிடுகிறது. பத்திரம் முடிந்தது, பட்டாவும் மாறிவிட்டது, இனி அதில் சோடியத்துக்குப் பாத்தியதை இல்லை. கொடுத்தது நேர்மின் அயனி, வாங்கியது எதிர்மின் அயனி, இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அயனிப் பிணைப்பு.

கார்பனும் ஆக்சிஜனும் அப்படி இல்லை. இரண்டுமே அலோகம், விற்க யாருக்கும் மனசு வராது. அதனால் அண்ணன் தம்பிகள் பங்குக் கிணறு வைத்துக்கொள்வது போல எலக்ட்ரான்களைப் பொதுவில் வைத்து இருவரும் இறைத்துக்கொள்கிறார்கள். இது சகப்பிணைப்பு. சில இடத்தில் ஒருத்தர் மோட்டார் பெரிசு, அவர் பக்கம் தண்ணீர் கூடப் போகும், தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன் அப்படித்தான் ஹைட்ரஜனிடமிருந்து இழுத்து வைத்திருக்கிறது. அந்த இழுக்கும் பலத்துக்கு எலக்ட்ரான் கவர்தன்மை என்று பெயர். லைனஸ் பாலிங் 1932ல் அதற்கு எண் போட்டுப் பட்டியல் கொடுத்தார். இப்போதைய பட்டியலில் ஃப்ளூரின் 3.98, ஆக்சிஜன் 3.44, ஹைட்ரஜன் 2.20, சோடியம் வெறும் 0.93.

இப்போது பெயருக்கு வருவோம். உப்பு மூட்டைக்குள் கையை விட்டு 'ஒரு சோடியம் குளோரைடு மூலக்கூறு' எடுங்கள் என்றால் முடியாது, அப்படி ஒன்று அதில் கிடையாது. ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம், இப்படியே கல் முழுக்க அடுக்கு. (அதனால்தான் உருக்க 801 டிகிரி செல்சியஸ் வேண்டியிருக்கிறது.) வாய்பாடு சொல்வது விகிதத்தை மட்டும், அந்த விகிதத்தையும் மின்சுமைக் கணக்கே முடிவு பண்ணிவிடுகிறது. மெக்னீசியம் இரண்டு எலக்ட்ரான் கொடுக்கும். குளோரின் ஆளுக்கு ஒன்றுதான் வாங்கும். ஆக ஒன்றுக்கு இரண்டு, வேறு வழியே இல்லை. கறவை மாடு வாங்கப் போகிறவர் 'நாலு கால் மாடு ஒன்று வேணும்' என்று கேட்பதில்லையே, அது போலத்தான் மெக்னீசியம் குளோரைடில் டை சொல்வதும்.

மெக்னீசியம் மூன்றாவது எலக்ட்ரானையும் கொடுத்தால் என்ன என்று உங்கள் மகள் நிச்சயம் கேட்பாள். முதல் எலக்ட்ரானை உருவ ஒரு மோலுக்கு 738 கிலோஜூல், இரண்டாவதுக்கு 1451, மூன்றாவதுக்கு 7733. ஏனென்றால் மூன்றாவது உள்கூட்டில் இருக்கிறது. அந்த விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள்.

பங்குக் கிணற்றுக்காரர்கள் கதை வேறு. கார்பனும் ஆக்சிஜனும் ஒன்றுக்கு ஒன்றாகவும் சேரும், ஒன்றுக்கு இரண்டாகவும் சேரும். இரண்டாவது சோடாவில் நுரைக்கிறது, முதலாவது பூட்டிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்குகிறவரைக் கொன்றுவிடுகிறது. வெறுமனே 'கார்பன் ஆக்சைடு' என்றால் எதைச் சொல்கிறீர்கள்? நைட்ரஜனும் ஆக்சிஜனும் இன்னும் மோசம், அரை டஜன் சேர்மம் வைத்திருக்கின்றன. அதனால் எண்ணைச் சொல்லியே ஆக வேண்டும்: மோனோ, டை, ட்ரை, டெட்ரா, பென்டா, ஹெக்சா. முதலில் வரும் தனிமம் ஒன்றே ஒன்று என்றால் அதற்கு மட்டும் மோனோவை விட்டுவிடுவது வழக்கம், அதனால்தான் 'மோனோகார்பன்' என்று யாரும் சொல்வதில்லை.

இரும்புக் கதையை மத்தியானம் எழுதுகிறேன், மணி அடித்துவிட்டது.


லேப்கோட் எழுதியது:

சார் அருமையா சொல்லிட்டார். நான் பிஎஸ்சி இரண்டாம் வருஷம், ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும். இணைதிறனை (ஒரு அணு எத்தனை எலக்ட்ரானைக் கொடுக்கும், வாங்கும் அல்லது பங்கு போடும் என்ற எண்) குறுக்காக மாற்றிப் போடும் வழியைப் பள்ளியில் சொல்லித்தருவார்கள், அலுமினியம் 3 ஆக்சிஜன் 2, மாற்றிப் போட்டால் இரண்டு அலுமினியம் மூன்று ஆக்சிஜன். கால்சியமும் ஆக்சிஜனும் 2, 2 என்று வந்தால் சுருக்கி 1, 1 ஆக்கிவிடு என்பார்கள். அயனிச் சேர்மத்துக்கு அந்தச் சுருக்கல் சரி, அங்கே வாய்பாடு விகிதம்தானே. நான் பிளஸ் ஒன் படிக்கும்போது அதே வேகத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சுருக்கி எச்ஓ என்று எழுதி வைத்தேன். எச்2ஓ2 என்பது நான்கு அணு கைகோத்து நிற்கும் நிஜ மூலக்கூறு, சுருக்கினால் அது வேறு சரக்கு. முழு வகுப்பும் சிரித்தது, இன்றைக்கு வரைக்கும் மறக்கவில்லை.


சாக்பீஸ் தூள் எழுதியது:

வந்துவிட்டேன். இரும்பு.

மெக்னீசியத்துக்குச் சொன்ன அதே கணக்கை இரும்புக்குப் பாருங்கள்: முதல் எலக்ட்ரான் 762, இரண்டாவது 1562, மூன்றாவது 2957. ஏறுகிறது, ஆனால் மெக்னீசியத்தில் போல மலை மாதிரி எகிறவில்லை. அதனால் இரும்பு சில சமயம் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறது, சில சமயம் மூன்றையும் கொடுத்துவிடுகிறது. இரண்டு கொடுத்தது ஃபெரஸ், மூன்று கொடுத்தது ஃபெரிக். உங்கள் பாக்கெட்டில் இருப்பது இரண்டு கொடுத்த இரும்பு, காற்றுப் பட்டதும் ஆக்சிஜன் வந்து மூன்றாவதையும் பிடுங்கிக்கொள்கிறது, பச்சை பழுப்பாகிறது. கம்பெனி ஆள் சொன்னது சரி. பாக்கெட்டைக் கட்டி வைத்து விற்றுப் பழகுங்கள், நிலக்கடலை இலை மஞ்சளாவதற்குத் தெளிக்க வாங்குகிறவர் ஃபெரஸை எதிர்பார்த்துத்தான் காசு கொடுக்கிறார்.

அஸ், இக் என்று முடியும் இந்தப் பழைய பெயர்களில் ஒரு சள்ளை உண்டு. அஸ் என்றால் குறைவு, இக் என்றால் அதிகம், அவ்வளவுதான், எவ்வளவு என்று அது சொல்லாது. இரும்பில் 2, 3. தாமிரத்தில் குப்ரஸ் 1, குப்ரிக் 2. வெள்ளீயத்தில் ஸ்டானஸ் 2, ஸ்டானிக் 4. ஒவ்வொரு உலோகத்துக்கும் தனியாக நினைவு வைத்துக்கொண்டு திரிய வேண்டும், போதாததற்கு இரும்புக்கு ஃபெரம், வெள்ளீயத்துக்கு ஸ்டானம் என்று லத்தீன் வேறு. ஆல்ஃபிரட் ஸ்டாக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1919ல் இதற்கு ஒரு வழி சொன்னார். உலோகத்தின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, அது எத்தனை மின்சுமையோடு நிற்கிறது என்று ரோமன் எண்ணில் எழுதிவிடு. அயர்ன்(3) குளோரைடு, இங்கே ரோமன் எண் தட்டச்சாகவில்லை, தாளில் ரோமன் மூன்றாக எழுத வேண்டும். அந்த மூன்று, குளோரினின் எண்ணிக்கை இல்லை, இரும்பின் மின்சுமை. அயர்ன்(3) ஆக்சைடில் இரும்பு இரண்டு ஆக்சிஜன் மூன்று. பிள்ளைகள் அடிக்கடி வழுக்குகிற இடம் இது.


மூலிகைப்பை எழுதியது:

சித்த மருத்துவம் படிக்கிறேன், ஒரு சேதி சொல்லிவிட்டுப் போகிறேன். எங்கள் பாடத்தில் பூரம் என்று ஒன்று, வீரம் என்று ஒன்று. இரண்டுமே பாதரசமும் குளோரினும் சேர்ந்தவை. பூரம் மெர்குரஸ் குளோரைடு, வீரம் மெர்குரிக் குளோரைடு. வீரம் தண்ணீரில் நன்றாகக் கரையும், கொடிய நஞ்சு. பூரம் தண்ணீரில் கரைவதே இல்லை என்று சொல்லிவிடலாம். அதற்காக அது சாது என்று அர்த்தமில்லை, பல் முளைக்கும் குழந்தைகளுக்கான பொடியில் இதைக் கலந்து மேலைநாடுகளில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை விற்று, கை கால் சிவந்து உரியும் ஒரு நோயே அதனால் வந்தது. பேரில் ஒரு எழுத்து அஸ்ஸா இக்கா என்று தடுமாறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

லேப்கோட் அண்ணா சொன்ன சுருக்கல் விஷயம் பூரத்துக்கும் பொருந்தும். அதை எச்ஜி2சிஎல்2 என்றுதான் எழுத வேண்டும், ஏனென்றால் அதில் இரண்டு பாதரச அணு தங்களுக்குள் பிணைந்து ஜோடியாகத்தான் நிற்கும். அயனிச் சேர்மம் என்றாலே சுருக்கலாம் என்று கிளம்பினால் இங்கே மாட்டிக்கொள்வோம்.

நம் பழைய பெயர்களும் நல்ல பெயர்கள்தான், உரமூட்டை அண்ணன் கடையில் விற்கிற ஃபெரஸ் சல்ஃபேட் அன்னபேதி, காப்பர் சல்ஃபேட் மயில்துத்தம். நிறத்தையும் குணத்தையும் பார்த்து வைத்தது. ஆனால் பெயரைக் கேட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஐரோப்பாவிலும் இதே நிலைமைதான், கந்தக அமிலத்துக்கு 'விட்ரியால் எண்ணெய்' என்று பெயர் வைத்திருந்தார்கள். 1787ல் பாரிஸில் லவாய்சியரும் இன்னும் மூன்று பேரும் உட்கார்ந்து, உள்ளே இருக்கும் தனிமத்தை வைத்துத்தான் பெயர் என்று முடிவு செய்தார்கள். சல்ஃபைட், சல்ஃபேட் என்ற ஐட், ஏட் வால்களும் அப்போது வந்தவைதான். ஏட் என்றால் ஆக்சிஜன் கூட, ஐட் என்றால் குறைவு, ஐடு என்று முடிந்தால் பெரும்பாலும் ஆக்சிஜன் ஒட்டாத தனி எதிரயனி, சல்ஃபைடு, குளோரைடு மாதிரி.


உரமூட்டை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நாலு கால் மாடு உதாரணத்தைச் சொன்னதும் மகள் ஒரே சிரிப்பு, ஆனால் விடவில்லை. 'அப்போ டிஏபி?' என்கிறாள். அவளுக்கு மூட்டைதான் பாடப்புத்தகம் போல.


மண் பரிசோதனை எழுதியது:

இதற்கு நான் வருகிறேன், எனக்கு வேலையே இந்த மூட்டைகளோடுதான்.

பாஸ்பாரிக் அமிலத்தில் கழற்றக்கூடிய ஹைட்ரஜன் மூன்று உண்டு. அம்மோனியாவைச் சேர்க்கும்போது ஒன்று மட்டும் மாறலாம், இரண்டு மாறலாம், மூன்றும் மாறலாம். ஒன்று மாறினால் மோனோ அம்மோனியம் பாஸ்பேட், இரண்டு மாறினால் நம் டிஏபி. அதன் முழுப் பெயர் டை அம்மோனியம் ஹைட்ரஜன் பாஸ்பேட், மாறாமல் மிஞ்சின ஒரு ஹைட்ரஜன் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, மூட்டையில் இடமில்லை என்று அதை விட்டுவிட்டார்கள். சாக்பீஸ் சார் மாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு கால் மாடு, இரண்டு கால் மாடு, மூன்று கால் மாடு என்று சந்தையில் மூன்று ரகம் நின்றால் எண்ணைச் சொல்லித்தானே கேட்கணும். சொட்டு நீரில் விடுகிற 0-52-34 இருக்கிறதே, மோனோ பொட்டாசியம் பாஸ்பேட், அங்கே மோனோ வந்ததும் இதே காரணம்.

அம்மோனியத்துக்குள் இன்னொரு வேடிக்கை. அது மொத்தமாக ஒரு நேர்மின் அயனி, பாஸ்பேட்டோடு நிற்பது கிரயக் கணக்கு. ஆனால் அதற்குள்ளே நைட்ரஜனும் நான்கு ஹைட்ரஜனும் பங்குக் கிணறு. அதிலும் நாலாவது ஹைட்ரஜன் வெறுங்கையோடு வந்தது, கிணறு வெட்டின செலவு முழுக்க நைட்ரஜனுடையது, தண்ணீர் மட்டும் இரண்டு பேருக்கும். இதற்கு ஈதல் சகப்பிணைப்பு என்று பெயர். கட்டி முடித்த பிறகு எந்தப் பிணைப்பு எது என்று பிரித்துச் சொல்ல முடியாது, நான்கும் ஒன்றுபோல இருக்கும். ஒரே மூட்டையில் இத்தனையும் இருக்கிறது, பாப்பாவிடம் சொல்லுங்கள்.

கூடவே ஒரு வயிற்றெரிச்சல். 18-46-0 என்று அச்சடித்திருக்கிறதே, அந்த 46 பாஸ்பரஸ் இல்லை, பாஸ்பரஸ் பென்டாக்சைடாகக் கணக்கிட்ட சதவீதம். மூட்டையைக் கொட்டித் தேடினாலும் அந்தப் பென்டாக்சைடு ஒரு துகள்கூடக் கிடைக்காது. பழைய காலத்தில் எரித்து ஆக்சைடாக்கி எடை போட்ட வழக்கம் அப்படியே நின்றுவிட்டது. பொட்டாஷிலும் 60 என்று போடுவது ஆக்சைடுக் கணக்கு, உள்ளே இருப்பது பொட்டாசியம் குளோரைடு. அதை 'மியூரேட் ஆஃப் பொட்டாஷ்' என்று இன்னும் கூப்பிடுகிறோம், ஹம்ஃப்ரி டேவி 1810ல் குளோரினைத் தனிமம் என்று நிலைநாட்டுவதற்கு முந்திய பெயர் அது. விஞ்ஞானம் போய் 200 வருஷம் ஆச்சு, மூட்டை மட்டும் மாறவில்லை.


கறார் பேர்வழி எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் 'உலோகம் அலோகம் சேர்ந்தால் அயனி, டை போடாதே' என்று அந்தப் பெண் நெட்டுரு போட்டுவிடப் போகிறாள், அதனால் குறுக்கே வருகிறேன். வெள்ளீயம் உலோகம்தானே? ஸ்டானஸ் குளோரைடு திண்மம், சரி. ஸ்டானிக் குளோரைடு அறை வெப்பநிலையில் திரவம், 114 டிகிரியில் கொதிக்கிறது. அயனிப் படிகமாக இருந்தால் அப்படிக் கொதிக்குமா? நாலு நேர்மின்சுமை உள்ள சின்ன அயனி பக்கத்தில் நிற்கும் குளோரைடின் எலக்ட்ரான் மேகத்தையே தன் பக்கம் இழுத்துக் கோணலாக்கிவிடுகிறது, கிரயம் பண்ணின நிலத்தில் திரும்ப வந்து பங்கு கேட்கிற மாதிரி. 1923ல் ஃபஜான்ஸ் சொன்ன விதி இதுதான். அலுமினியம் குளோரைடும் சுமார் 180 டிகிரியில் நேராக ஆவியாகும், ஆவியில் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு மூலக்கூறாகத் திரியும்.

கவர்தன்மை வித்தியாசம் 1.7க்கு மேல் போனால் அயனி என்று ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறார்களே, அதுவும் ஓட்டைதான். ஹைட்ரஜன் ஃப்ளூரைடில் வித்தியாசம் 1.78, ஆனால் அது 20 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும் சகப்பிணைப்புச் சரக்கு. கிரயமும் பங்கும் இரண்டு ஊர் இல்லை, ஒரே சாலையின் இரண்டு முனை, பெரும்பாலான சேர்மங்கள் நடுவில் எங்கோ நிற்கின்றன.

பெயரிலும் அப்படித்தான். மாங்கனீசு டைஆக்சைடு என்று பாடப்புத்தகமே அச்சடிக்கிறது, மாங்கனீசு உலோகம். பெயிண்டில் டைட்டானியம் டைஆக்சைடு. சந்தேகத்துக்கு இடமில்லாத இடத்தில் எண்ணை விட்டுவிடலாம் என்பதுதான் ஐயுபிஏசி (வேதிப் பெயர்களுக்கு விதி வகுக்கும் உலக அமைப்பு) சொல்வது, எண்ணைப் போட்டால் குற்றம் என்று சொல்லவில்லை. ஆகவே மெக்னீசியம் டைகுளோரைடு தேவையில்லாத நீட்டல், தப்பு இல்லை. நானாக இருந்தால் அரை மார்க்காவது கொடுத்திருப்பேன்.


சாக்பீஸ் தூள் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன் கறார். ஒன்பதாவதில் ஸ்டானிக் குளோரைடை இறக்கினால் பாதிப் பேர் காமர்ஸுக்குப் போய்விடுவார்கள் என்று அடக்கி வாசித்தேன். தேர்வில் மட்டும் புத்தகத்தில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள் உரமூட்டை சார், விடைக்குறிப்போடு சண்டை போட முடியாது.


பனங்காய் எழுதியது:

வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் டை, ட்ரை என்று மல்லுக்கட்டுவதைப் பார்த்தபோது எங்கள் பள்ளிக்கூடப் புத்தகம் ஞாபகம் வந்தது. நாங்கள் காபனீரொட்சைட்டு என்றுதான் படித்தோம். காபன், ஈர், ஒட்சைட்டு, மூன்றையும் சேர்த்துப் புணர்ச்சியோடு ஒரே சொல். நஞ்சு வாயு காபனோரொட்சைட்டு. கந்தகமூவொட்சைட்டு, காபன் நாற்குளோரைட்டு, பொசுபரசு ஐங்குளோரைட்டு. ஓர், ஈர், மூ, நால், ஐ என்று எண் நம்முடையதாக இருப்பதால் கிரேக்கம் பாடமாக்க வேண்டிய தேவையே வரவில்லை, பேரைக் கேட்டதும் எத்தனை அணு என்று தெரிந்துவிடும். மகனீசியத்துக்கு வரும்போது வெறும் மகனீசியம் குளோரைட்டு, அங்கே ஈர் இல்லை, அதே காரணம்தான்.

நீங்கள் இணைதிறன் என்பதை நாங்கள் வலுவளவு என்போம், எலக்ட்ரான் எங்களுக்கு இலத்திரன். சகப்பிணைப்பை எங்கள் புத்தகத்தில் பங்கீட்டுவலுப் பிணைப்பு என்றுதான் போட்டிருக்கும், சாக்பீஸ் ஆசிரியரின் பங்குக் கிணற்றை வாசித்ததும் அதுதான் மனதில் வந்தது. ஆனால் பல்கலைக்கழகம் போனதும் எல்லாம் ஆங்கிலம், முதல் ஆறு மாதம் காபனீரொட்சைட்டை மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டு இருந்ததும் உண்மை. எது நல்லது என்று இன்னும் என்னால் சொல்ல இயலவில்லை.


உரமூட்டை எழுதியது:

பனங்காய் அண்ணே, காபனீரொட்சைட்டு என்பதை என் மகள் நாலு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள், பிடித்துவிட்டது. கறார் சார் சொன்ன அரை மார்க்கையும் எழுதி வைத்துக்கொண்டாள், அதைப் போய்க் கேட்க வேண்டாம் என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று கேட்கச் சொன்னாள். ஹைட்ரஜனும் கந்தகமும் இரண்டுமே அலோகம், பங்குக் கிணறுதான். பிறகு ஏன் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்று மட்டும் சொல்கிறோம், அதில் ஹைட்ரஜன் இரண்டு இருக்கிறதே?


சாக்பீஸ் தூள் எழுதியது:

மறுபடியும் நாலு கால் மாடுதான். ஹைட்ரஜன் ஒரு கைதான் நீட்டும், கந்தகம் இந்தச் சேர்மத்தில் இரண்டு, எண்ணிக்கை கேட்கிறவருக்கு ஏற்கெனவே தெரியும். டைஹைட்ரஜன் சல்ஃபைடு என்று எழுதினாலும் பொருள் மாறாது, வழக்கத்தில் இல்லை, அவ்வளவுதான். விதியை அப்படியே பிடித்துக்கொண்டு போனால் தண்ணீருக்கு டைஹைட்ரஜன் மோனாக்சைடு என்று பெயர். அந்தப் பெயரை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய கேலியே நடந்தது, 'மூச்சுக்குள் போனால் சாவு, அமில மழையில் முக்கியப் பொருள், தடை செய்யுங்கள்' என்று. 2004ல் கலிஃபோர்னியாவின் அலிசோ வியெஹோ நகரத்தில் அதை நம்பி ஃபோம் கப்புகளைத் தடை செய்வது பற்றித் தீர்மானம் கொண்டுவரும் அளவுக்குப் போய், கடைசி நேரத்தில் விஷயம் தெரிந்து விலக்கிக்கொண்டார்கள்.


உரமூட்டை எழுதியது:

சார், அவளிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. இன்று காலை கடை திறக்கும்போது வாசலில் தண்ணீர் கேனுக்கு மேல் அட்டை ஒட்டியிருக்கிறது: 'டைஹைட்ரஜன் மோனாக்சைடு, இலவசம், ஒரு டம்ளர் மட்டும்'. டிஏபி வாங்க வந்த பெரியவர் ஒருவர் படித்துவிட்டு, தென்னைக்கு ஏக்கருக்கு எத்தனை லிட்டர் விடணும் என்று கேட்டார்.